படகுக்கு அடியில் பூசுவது எந்தப் பெயின்ட்?

ஆசிரியருக்கு,

மதுரைக் கடைகளில் ‘படகு பெயின்ட்’ என்று மட்டும் கேட்டால் ரெட் ஆக்சைடோ சிவப்பு எனாமலோ கைக்கு வந்துவிடும். நிறம் ஒன்றுதான், வேலை வேறு. படகின் அடியில் ஒட்டி வளரும் ஓட்டு உயிரியான கொட்டலசைத் தடுப்பது ஆன்டிஃபவுலிங் பெயின்டிலிருந்து மெல்லக் கசியும் குப்ரஸ் ஆக்சைடு என்ற செம்புச் சேர்மம். எனாமலில் அது கிடையாது. மண்டபம், தொண்டிப் பக்கம் பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

படகு எதில் செய்தது என்பதைக் கடைக்காரர் முதலில் கேட்க வேண்டும். பைபர், மரம் என்றால் செம்புப் பெயின்ட் சரி. அலுமினியத்துக்கு ஆகவே ஆகாது. உப்புத் தண்ணீரில் செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் மின்னரிப்பில் தகடு பொத்தல் விழும். நடுவில் பிரைமர் இருக்கிறதே என்பார்கள். ஒரு கீறல் போதும். ‘அலுமினியத்துக்கு உகந்தது’ என்று டின்னிலேயே அச்சிட்டிருக்க வேண்டும்.

எப்போதும் தண்ணீரில் நிற்கும் படகுக்குத் தேய்ந்து கரையும் வகை நல்லது. அடிக்கடி மணலில் இழுத்தால் அது மணலோடு போய்விடும். அதற்குக் கெட்டி வகை. ஆனால் கெட்டி வகை மாதக்கணக்கில் வெயிலில் காய்ந்தால் வீரியம் இழக்கும். மறுபடி இறக்குமுன் தண்ணீர் தொட்டு லேசாகத் தேய்த்து ஒரு கோட் கொடுக்க வேண்டும். தினமும் கரையேறும் படகுக்கோ எதுவுமே வேண்டாம், பணம் மிச்சம்.

அளவுக்கு, நீர்க்கோட்டு (படகில் தண்ணீர் மட்டம் தொடும் கோடு) நீளத்தை அகலமும் நீரில் மூழ்கும் ஆழமும் கூட்டிய தொகையால் பெருக்குங்கள். 7 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 0.4 மீட்டர் ஆழம் என்றால் ஏறத்தாழ 17 சதுர மீட்டர். லிட்டருக்கு 9 சதுர மீட்டர் கணக்கில் இரண்டு கோட்டுக்கு 4 லிட்டர். மிச்சத்தை நீர்க்கோட்டிலும் சுக்கான் விளிம்பிலும் மூன்றாவது கோட்டாகப் பூசலாம்.

புது பைபரில் அச்சிலிருந்து ஒட்டி வந்த மெழுகைத் துடைத்த பிறகே 80 நம்பர் உப்புத்தாள். முதலில் தேய்த்தால் மெழுகு உள்ளே இறங்கிவிடும். பழைய பூச்சை உலர்வாகத் தேய்க்கவே கூடாது, தூசி விஷம். எபாக்சி பிரைமரின் மேல் கட்டைவிரல் வைத்தால் ரேகை பதிய வேண்டும், பெயின்ட் விரலில் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் செம்புப் பெயின்ட்டின் முதல் கோட். முற்றிலும் காய்ந்தபின் பூசினால் தகடு தகடாக உரியும். செம்பு டின்னின் அடியில் மண்டியாகத் தங்கும் என்பதால் அடிவரை கிளறுங்கள். உச்சிவெயிலில் ரோலர் இழுபடும். காலை 9 மணிக்குள் முடித்துவிடுங்கள். உலோகப் பாகங்கள் அரிக்காமல் காக்க அடியில் பொருத்தும் ஜிங்க் (துத்தநாக) கட்டியின் மேல் மட்டும் பூசாதீர்கள்.

பழைய சரக்கு விலை மலிவாகக் கிடைத்தால் அதில் ட்ரைபியூட்டைல் டின் என்ற நச்சு வெள்ளீயச் சேர்மம் உண்டா என்று பாருங்கள். 2008-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச உடன்படிக்கை அதைத் தடை செய்திருக்கிறது.

கண்மாய், குளங்களில் படகு விடுபவர்களும் இந்தச் செம்புப் பெயின்ட்டை வாங்கிப் பூசக் கூடாது. நன்னீரில் கொட்டலசு கிடையாது, வருவது பாசிதான். அதற்குத் தேங்காய் நாரால் தேய்த்தால் போதும். தேங்கிய தண்ணீரில் கசியும் செம்பு மீன் குஞ்சையும் நத்தையையும் கொல்லும். படகுச் சவாரிக்கு ஏலம் விடும்போதே ‘செம்புப் பெயின்ட் கூடாது’ என்ற நிபந்தனையை மாநகராட்சியும் ஊராட்சிகளும் சேர்க்க வேண்டும்.

— வாசகர், மதுரை