செனிகா ஃபால்ஸ் ட்ரிப் பத்தி பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பான அப்பா அம்மாக்களுக்கு வணக்கம்,

நம்ம தமிழ்ப் பள்ளில இந்த டெர்ம் நல்லபடியா முடியப்போகுது. பொங்கல் விழா சிறப்பா நடந்துச்சு, திருக்குறள் போட்டில குட்டிப் பசங்க அசத்திட்டாங்க, மூணாம் நிலைல நெறைய பேரு எழுத்துக்கூட்டாம வாசிக்க ஆரம்பிச்சிருக்காங்க. டீச்சர்ஸ் எல்லாருக்கும் நன்றி. ரிப்போர்ட் கார்டு ஈமெயில்ல வரும்.

அடுத்து, நியூயார்க் மாநிலத்துல செனிகா ஃபால்ஸ்ல இருக்கற நேஷனல் விமன்ஸ் ஹால் ஆஃப் ஃபேம் ட்ரிப், அதாவது சாதிச்ச அமெரிக்கப் பெண்களை கௌரவிக்கற இடம். கையெழுத்து போட்டு வந்த ஃபார்ம்களை நேத்து ராத்திரி உக்காந்து அடுக்கினேன். பெண் பிள்ளைங்க ஃபார்ம் ஏறக்குறைய எல்லாமே வந்துடுச்சு, ஆண் பிள்ளைங்களுது பாதி கூட வரல. ஒரே வீட்ல தங்கச்சி ஃபார்ம்ல கையெழுத்து இருக்கு, அண்ணன் ஃபார்ம் காலியா திரும்பி வந்திருக்கு. போன்ல கேட்டா "அது கேர்ள்ஸ் ட்ரிப் தானே மேடம்"னு சிலர், "அவனுக்கு போர் அடிக்கும், சாக்கர் பிராக்டிஸுக்கு அனுப்பிடறோம்"னு சிலர். வார நாள் பூரா வேலை, சனி ஞாயிறு பசங்களை ஒவ்வொரு கிளாஸா கூட்டிட்டு ஓடறீங்க, அந்த அலைச்சல் எனக்கும் தெரியும், யாரையும் குறை சொல்றதுக்காக இதை எழுதல.

ஆனா அந்த இடம் எப்படிப்பட்டதுன்னு கொஞ்சம் சொல்லணும். இப்ப ஹால் இருக்கறது கால்வாய் ஓரமா 1844ல கட்டின கல் கட்டடத்துல, ரொம்ப காலம் கம்பளி நூல், சாக்ஸ் எல்லாம் பண்ணின மில் அது. 1848 ஜூலைல அதே ஊர்ல வெஸ்லியன் சாப்பல்ல பெண்கள் உரிமைக்காக ரெண்டு நாள் மாநாடு நடந்துச்சு, கடைசில உரிமைப் பிரகடனத்துல 100 பேர் கையெழுத்து போட்டாங்க. அதுல 68 பேர் பெண்கள், 32 பேர் ஆண்கள். அந்த மில்லை ஆரம்பிச்சவங்கள்ல சார்லஸ் ஹாஸ்கின்ஸ், ஜேக்கப் சேம்பர்லின் ரெண்டு பேரோட கையெழுத்தும் அதுல இருக்கு. ராச்செஸ்டர்ல பத்திரிகை நடத்திட்டு இருந்த ஃபிரெட்ரிக் டக்ளஸும் போட்டார். அடிமையா பொறந்து தப்பிச்சு வந்தவர் அவர், பெண்களுக்கு ஓட்டு கேக்கறது மட்டும் அதிகப்படியோன்னு கூட்டத்துல பலரும் தயங்கினப்ப எழுந்து நின்னு ஆதரிச்சு பேசினவர். இதையெல்லாம் நம்ம ஆண் பிள்ளைங்க பாக்க வேணாமா?

அந்த ஹால்ல 1973ல முதல் தடவையா 20 பேரை சேத்தாங்க. அதுல ஒருத்தர் எலிசபெத் பிளாக்வெல், அவங்க படிச்சது பக்கத்துலயே இருக்கற ஜெனீவாங்கற ஊர்ல (ஸ்விட்சர்லாந்து ஜெனீவா இல்ல). ஒரு பொண்ணை மெடிக்கல் காலேஜ்ல சேத்துக்கலாமான்னு நிர்வாகம் மாணவர்கள்கிட்டயே ஓட்டுக்கு விட்டுச்சு, அத்தனை பேரும் ஆண்கள், சரின்னு ஓட்டு போட்டாங்க. விளையாட்டா நெனச்சுத்தான் போட்டாங்கன்னு சொல்வாங்க, ஆனா அந்த ஓட்டால உள்ள வந்தவங்க 1849ல மருத்துவப் பட்டம் வாங்கிட்டாங்க, அமெரிக்காவுல அப்படி வாங்கின முதல் பெண் அவங்கதான். விமானம் ஓட்டின அமீலியா ஏர்ஹார்ட், பூச்சிமருந்தோட கெடுதலை எடுத்துச் சொன்ன ரேச்சல் கார்சன், கொழந்தைங்க இதய நோய்க்கு ஆபரேஷன் வழி கண்டுபிடிச்சதுல பங்கு இருக்கற டாக்டர் ஹெலன் டாசிக், இவங்க எல்லாரும் அந்த 20 பேர்ல இருக்காங்க. விமானம், இதயம், பூச்சிமருந்து இதெல்லாம் பையன்களுக்கு எப்படி போர் அடிக்கும்னு எனக்கு புரியல.

அதனால ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். அன்னைக்கு வழக்கமான கிளாஸ் கிடையாது, ட்ரிப்தான் கிளாஸ். பையனோ பொண்ணோ, வராட்டி ஆப்சென்ட்னு தான் போடுவேன். உடம்பு சரியில்ல, ஊருக்கு போறோம்னா சொல்லுங்க, ஒத்துக்கறேன். "அது பொண்ணுங்க விஷயம்"ங்கறதை மட்டும் ஒரு காரணமா தயவுசெஞ்சு இனிமே எழுதி அனுப்பாதீங்க, அதை நம்ம பிள்ளைங்களும் படிக்கறாங்க. போன வாரம் ஒரு பையன் எங்கிட்ட வந்து "நான் அமீலியா பத்தி பேசலாமா, இல்ல அது பொண்ணுங்களுக்கு மட்டுமா"ன்னு கேட்டான். அந்தக் கேள்வி எனக்கு ரெண்டு நாளா மனசை விட்டுப் போகல.

அம்மாக்களுக்கு தனியா ஒரு விஷயம். 1920 ஆகஸ்ட் 18, டென்னசி சட்டசபை, நாடு முழுக்க பெண்களுக்கு ஓட்டுரிமை தர்ற சட்டத்திருத்தம் ஜெயிக்குமா தோக்குமான்னு ஒரே ஒரு ஓட்டுல நிக்குது. 24 வயசு சட்டசபை உறுப்பினர் ஹாரி பர்ன் எதிர்தரப்பு பக்கம் இருந்தவர், அவர் பாக்கெட்ல அம்மா எழுதின கடிதம், ஆதரிச்சு ஓட்டு போடுப்பான்னு. போட்டுட்டார். அம்மா பேச்சை பசங்க கேப்பாங்க, நீங்க ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க.

ஒவ்வொருத்தரும் அங்க பாத்த ஒரு பெண்மணி பத்தி அடுத்த வாரம் ரெண்டு நிமிஷம் தமிழ்ல பேசணும், தப்பா பேசினாலும் பரவால்ல. ஃபார்மை வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள குடுத்துடுங்க, தொலைஞ்சு போச்சுன்னா மெசேஜ் பண்ணுங்க, உடனே அனுப்பறேன்.

கார் ஓட்டறேன்னு முன்வந்த அப்பாக்களுக்கும், எல்லாருக்கும் சேத்து புளிசாதம் கட்டித் தர்றேன்னு சொன்னவங்களுக்கும் மனசார நன்றி. இதுவரைக்கும் நான் கேட்டு நீங்க இல்லன்னு சொன்னதே கிடையாது, அந்த உரிமைலதான் இவ்வளவு நீளமா எழுதிட்டேன். கார்ல இன்னும் இடம் இருக்கு, பையன்களை அனுப்புங்க.

அன்புடன்,
உங்கள் தலைமையாசிரியை