அடைத்த சன்னலும் ரேடானும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆச்சி வீட்டுத் தார்சாவில் மத்தியானம் படுத்தால், மேலே போட்ட துண்டு காற்றில் பறக்கும். இப்போது பாளையங்கோட்டையில் எங்கள் தெருப் புது வீடுகளில் ஏசியைப் போட்டுச் சன்னலை அடைத்தே வைக்கிறோம். ரேடான் பற்றிப் படித்ததிலிருந்து எனக்கு அதுதான் கவலை.

மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதைவதால் உண்டாகும் கதிரியக்க வாயு இது. நிறமில்லை, மணமில்லை. தரை விரிசல் வழியே ஏறி, அடைத்த அறையில் தேங்கும். நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைப்பழக்கத்துக்கு அடுத்த பெரிய காரணம் பல நாடுகளில் இதுதான். ஒரு கன மீட்டர் காற்றில் இது 100 பெக்கரலுக்குள் (பெக்கரல் என்பது கதிரியக்கத்தை அளக்கும் அலகு) இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நம் வீடுகளிலும் அரசு அளந்து சொல்ல வேண்டும். பீடி, சிகரெட் குடிப்பவர் உள்ள வீட்டை முதலில் பாருங்கள். புகையும் ரேடானும் சேர்ந்தால் ஆபத்து மிக அதிகம்.

வாசகர், பாளையங்கோட்டை