டப்பாவுக்கு முன்னால் தட்டைப் பாருங்கள், மாஸ்டர்

கோவையில் ஜிம் நடத்துகிறவர்களுக்கும் அங்கே பயிற்சி தருகிற மாஸ்டர்களுக்கும் வணக்கம்.

பீளமேட்டில் கல்லூரிப் பிள்ளைகளை நம்பி மெஸ் நடத்துகிறவள் நான். மாதக் கணக்கு வைத்துச் சாப்பிடும் பையன்களில் நிறையப் பேர் காலையிலோ மாலையிலோ உங்களிடம் வருகிறவர்கள். சாப்பிட உட்கார்ந்தால் அவர்கள் வாயில் அடிக்கடி வருவது “மாஸ்டர் சொன்னாரு” என்பதுதான். அம்மா சொல்லிக் கேட்காததை, டாக்டர் சொல்லித் தள்ளிப்போட்டதை, நீங்கள் சொன்னால் அன்றைக்கே செய்கிறார்கள். அதனால்தான் அவர்களிடம் பேசுவதை விட்டுவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு பையனுக்குப் புரோட்டீன் பவுடர் எழுதிக் கொடுக்காதீர்கள். அவன் மூன்று வேளையும் என்ன சாப்பிடுகிறான் என்று முதலில் கேளுங்கள். அதைச் சரிசெய்து இரண்டு மூன்று மாதம் பாருங்கள். அப்புறமும் போதவில்லை என்றால் டப்பாவைப் பற்றிப் பேசலாம்.

கணக்குப் பார்ப்போம், உங்களுக்கும் கணக்குதானே பிடிக்கும். சாதாரண ஆளுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். எடை தூக்குகிறவனுக்குக் கூடுதலாக வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கிலோவுக்கு 1.6 கிராமுக்கு மேல் போனால் தசை அதற்கேற்ப ஏறுவதில்லை என்று அதே கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் இருக்கிறது. உடம்பு ஏற்றுவதற்காகப் புரதப் பவுடர் வேண்டாம் என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். 65 கிலோ பையனுக்கு இந்த உச்ச அளவுப்படியே போட்டாலும் ஒரு நாளைக்கு 104 கிராம்தான் வருகிறது.

அந்த 104 தட்டில் வருமா? வரும். காலையில் நாலு இட்லியும் மூன்று முட்டையும் சாப்பிட்டால் 26 கிராம் பக்கம். மத்தியானம் சோறு, கெட்டியான சாம்பார், 100 கிராம் மத்தி மீனோ கோழிக்கறியோ, ஒரு கிண்ணம் தயிர் என்றால் நாற்பதை ஒட்டி வரும். சாயங்காலம் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலும் ஒரு டம்ளர் பாலும் 18. நடுவே ஒரு கைப்பிடி வேர்க்கடலை 7. ராத்திரி மூன்று சப்பாத்தியும் பச்சைப்பயறுக் குழம்பும் 19. கூட்டிப் பாருங்கள், கொஞ்சம் மிச்சமே இருக்கும். சைவப் பையன் என்றால் மீன் இடத்தில் 100 கிராம் பனீர் வைக்கலாம், அது விலை அதிகம் என்றால் மீல்மேக்கர். காய்ந்த மீல்மேக்கர் ஐம்பது கிராமில் இருபத்தைந்து கிராம் புரதம் இருக்கிறது. ஒரு ஸ்கூப் பவுடரில் கிடைப்பதும் கிட்டத்தட்ட அதே அளவுதான், ஆனால் அந்த ஸ்கூப்புக்கு எண்பது, நூறு ரூபாய் ஆகிறது. நாலு முட்டைக்கு அதில் பாதிகூட ஆகாது. நாமக்கல் பக்கத்தில் இருக்கிறது, மாஸ்டர்.

உடனே நீங்கள் கேட்பீர்கள், மெஸ்ஸில் எங்கே இதெல்லாம் போடுகிறீர்கள் என்று. நியாயமான கேள்வி. எங்கள் தொழிலில் அளவுச் சாப்பாடு என்றாலே சோறு மலை மாதிரி இருக்கும், சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கும். ஒரு பிளேட் விலைக்கு அவ்வளவுதான் கட்டுப்படியாகிறது. ஆனால் பருப்பைக் கூடப் போடு, முட்டையைத் தனியாக வை என்று கேட்கிற ஆள் இருந்தால் எந்த மெஸ்ஸும் போடும், அதற்கு ஆகிற செலவு டப்பாவில் பாதிகூட வராது. கேட்க வைக்கிற இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்.

முட்டை விஷயத்துக்கு வருகிறேன், அதில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். உங்கள் பையன்கள் ஆறு முட்டை அவித்துத் தரச் சொல்லி வாங்கி, அங்கேயே நின்று மஞ்சள் கருவை எல்லாம் பிதுக்கி எடுத்துத் தட்டோரம் வைத்துவிட்டுப் போகிறார்கள். “மாஸ்டர் கொழுப்புன்னு சொன்னாரு.” ஒரு முட்டையின் ஆறு கிராம் புரதத்தில் ஏறக்குறைய இரண்டரை கிராம் அந்த மஞ்சள் கருவில்தான் இருக்கிறது. பி12, வைட்டமின் டி, கோலின் எல்லாமே அதில்தான். 2017இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், எடைப்பயிற்சி செய்த இளைஞர்களுக்கு ஒரு முறை முழு முட்டையாகவும் இன்னொரு முறை வெள்ளைக் கருவாக மட்டுமாகவும் 18 கிராம் புரதம் கொடுத்துப் பார்த்தார்கள். முழு முட்டை சாப்பிட்டபோதுதான் தசையில் புரதம் அதிகமாகச் சேர்ந்தது. கொலஸ்ட்ராலுக்காக டாக்டர் கட்டுப்பாடு சொல்லியிருக்கிறவர் கதை வேறு. இருபது வயதுப் பையன், நாள் முழுக்க ஓடுகிறவன், எதற்காக அதைத் தூக்கிப்போட வேண்டும்?

இன்னொரு கூட்டம் பச்சை முட்டையை டம்ளரில் உடைத்து ஊற்றிக் குடிக்கிறது. அவித்த முட்டையின் புரதத்தில் தொண்ணூறு சதவீதம் உடம்பில் சேர்கிறது, பச்சையாகக் குடித்தால் பாதிதான். வயிற்றைக் கெடுக்கிற சால்மோனெல்லா கிருமி பயம் வேறு. அவித்துத் தின்ன அலுப்பாக இருந்தால் ஆம்லெட் கேட்கட்டும், இரண்டே நிமிஷத்தில் ஆகிற வேலை. (கலக்கி கேட்கிறவனை மறுக்கவும் எனக்கு மனசு வராது, கோயம்புத்தூர்க்காரி ஆயிற்றே. அதுவும் முழுக்க வேகாததுதான் என்று மட்டும் சொல்லிவிடுவேன்.)

சுண்டல் கணக்கிலும் ஒரு குழப்பம் ஓடுகிறது. கைபேசியில் பார்த்து, கொண்டைக்கடலை நூறு கிராமில் பத்தொன்பது கிராம் புரதம் என்று எழுதிக்கொள்கிறார்கள். அது காய்ந்த கடலையின் கணக்கு. ராத்திரி ஊறவைத்துக் குக்கரில் ஏற்றினால் கடலை தண்ணீர் குடித்து இரண்டு மடங்குக்கு மேல் கனக்கும். வெந்த சுண்டல் நூறு கிராமில் எட்டு, ஒன்பது கிராம்தான் தேறும். இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் போதும், “நானும் சாப்பிடறேன், ஏறவே இல்லை” என்று அவன் டப்பாவுக்கு ஓட மாட்டான். வேர்க்கடலையும் இப்படித்தான்: புரதம் இருக்கிறது, எண்ணெயும் இருக்கிறது. கைப்பிடியோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

செடியிலிருந்து வருகிற புரதம் முழுமையானதில்லை என்றும் ஜிம்மில் ஒரு பேச்சு உண்டு. புரதம் என்பது அமினோ அமிலங்கள் சேர்ந்தது; அவற்றில் லைசின் அரிசியில் குறைவு, மெத்தியோனின் பருப்பில் குறைவு, அது நிஜம். ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பிவிடுகிறது. இட்லியில் அரிசியும் உளுந்தும், பொங்கலில் அரிசியும் பாசிப்பருப்பும். கொங்கு வீடுகளில் கொள்ளுப் பருப்பு கடைந்து சோற்றில் பிசைந்து சாப்பிடுவதும் அதே சங்கதிதான். கொள்ளில் நூற்றுக்கு 22 கிராம் புரதம். ஆனால் பையன்கள் அதைத் தொட மாட்டார்கள், பாட்டி சமையலாம். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் திங்கட்கிழமை என் கடையில் கொள்ளுக்கு வரிசை நிற்கும்.

இப்போது டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பது. பெரும்பாலும் இருப்பது வே (whey) பவுடர், அது ஒன்றும் விஷமில்லை. சீஸ் எடுத்தபின் மிஞ்சும் தண்ணீரை வடிகட்டி உலர்த்தி எடுப்பது, பால்தான். சிக்கல் நம் சந்தையில் இருக்கிறது. கேரளத்தின் கல்லீரல் மருத்துவர் சிரியாக் ஆபி பிலிப்ஸும் அவருடன் சேர்ந்தவர்களும் இந்தியச் சந்தையில் விற்கிற 36 புரதப் பவுடர்களைச் சோதித்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 70 சதவீத டப்பாக்களில் லேபிளில் போட்ட புரத அளவு சரியில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. 14 சதவீதத்தில் பூஞ்சை நஞ்சான அஃப்ளடாக்சின், 8 சதவீதத்தில் பூச்சிக்கொல்லி மிச்சம். முட்டை ஓட்டுக்குள் யாரும் மாவு கலக்க முடியாது.

அடுத்து சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காது. டப்பா ஒன்றுக்கு உங்களில் சிலருக்குக் கமிஷன் வருகிறது, ஊருக்கே தெரியும். அதை நான் குற்றமாகப் பேசவில்லை. விடிகாலை ஐந்து மணிக்கு ஷட்டரைத் தூக்கி ராத்திரி பத்துக்கு இறக்குகிறவருக்குக் கொடுக்கிற சம்பளம் என்ன என்று ஜிம் முதலாளிகள் தங்களைக் கேட்டுக்கொள்ளட்டும். ஆனால் வீட்டிலிருந்து மாதம் ஐயாயிரம் வாங்குகிற பையன் மூவாயிரத்துக்கு டப்பா வாங்கினால், மிச்சப் பணத்தில் மத்தியானச் சாப்பாட்டைத்தான் வெட்டுகிறான். ஷேக்கரைக் குலுக்கிக் குடித்துவிட்டுப் பட்டினியாக வகுப்புக்குப் போகிறவர்களைப் பார்க்கிறேன். மாவும் பருப்பும் காயும் இல்லாத வயிற்றில் அந்த ஸ்கூப்பை உடம்பு எரிபொருளாக எரித்துத் தீர்த்துவிடும், தசைக்கு என்ன மிஞ்சும்? கமிஷனுக்குப் பதிலாகச் சாப்பாட்டு அட்டவணை எழுதித் தருவதற்குத் தனியாக ஒரு கட்டணம் வாங்குங்கள். தாராளமாக வாங்குங்கள், அது உழைப்புக்கான காசு.

பவுடர் தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு சாப்பிட முடியாதவர்கள், பசி குறைந்த வயசாளிகள், டாக்டர் எழுதிக் கொடுத்தவர்கள். அவர்களுக்கு அது உதவி. அதேபோல் சிறுநீரகப் பிரச்சினை உள்ளவருக்கு, முட்டையில் வந்தாலும் டப்பாவில் வந்தாலும், டாக்டரைக் கேட்காமல் புரதத்தை ஏற்றிவிடக் கூடாது. சேர்க்கைப் படிவத்தில் இதற்கு ஒரு வரி போடுங்கள்.

என் பக்கத்திலிருந்து நான் செய்ய முடிந்தது இது. பையனின் எடையையும் அவனுக்கு எத்தனை கிராம் புரதம் வேண்டும் என்பதையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். பருப்பு, முட்டை, சுண்டல் எல்லாம் அந்த அளவுக்கு வைத்துத் தருகிறேன், கூடுதலுக்கு மட்டும் விலை. சுண்டலுக்குக் கடலை ஊறப்போட வேண்டும், அதனால் முதல் நாள் ராத்திரி ஒன்பது மணிக்குள் சீட்டு வந்துவிட வேண்டும்.