பலகை மேல் நிற்கும் மகளுக்கு

நீரோடி

அன்பு மகளுக்கு,

கலிபோர்னியாவின் சான்டா பார்பரா துறைமுகத்தில் நீ பலகை மேல் நின்று துடுப்புப் போட்டு மீன் பிடிக்கும் வீடியோவை உன் அம்மா தெருவுக்கே காட்டிவிட்டாள். எல்லோரும் மீனைப் பார்த்தார்கள். நான் உன் காலைப் பார்த்தேன். தோள் அகலத்துக்குப் பாதங்களை விரித்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நிற்கிறாய். அது சரி. ஆனால் குனிந்து பலகையையே பார்க்கிறாய். தலையை நிமிர்த்து மக்களே, அலை முன்னாலிருந்து வருகிறது.

நம் வீட்டுப் பெண்கள் மீன் விற்கப் பொழியூர் தாண்டியும் நடந்திருக்கிறார்கள். கட்டுமரம் ஏறுவதுபோல் ஏறிக் கடலுக்குப் போனது நீதான் முதல். தாத்தா இருந்திருந்தால் உன் பலகையைச் சுற்றிவந்து, "காற்றுப் பிடிக்கப் பாய் எங்கே?" என்று கேட்டிருப்பார்.

நீ சொன்ன அந்தக் கெல்ப் பாசியைப் பற்றித்தான் இரண்டு நாளாக யோசிக்கிறேன். அடியில் பாறையைப் பிடித்து முளைத்து, இலைக்கு இலை காற்றுப் பையோடு மேல்மட்டம் வரை எழுந்து நிற்கிறது; வாய்ப்பான இடத்தில் ஒரே நாளில் இரண்டடிகூட வளரும் என்றாய். நம் பக்கத்தில் மீன் இருக்கும் பாரை, அந்தக் கடலடிப் பாறையை, கண்டுபிடிக்கக் கரையிலிருக்கும் கோவில் கோபுரத்தையும் மலையையும் நேர்பிடிக்க வேண்டும். உனக்குப் பார் தண்ணீர் மேலேயே தெரிகிறது! நங்கூரமும் வேண்டாம், ஒரு கொடியைப் பலகையில் சுற்றிக்கொண்டால் போதும். நல்ல வசதி.

அந்தக் கெல்ப் பாஸ் மீன் நம் களவா போலத்தான் தெரிகிறது, குணமும் அதே. தூண்டிலைக் கடித்ததும் பாசிக்குள் பாயும். முதல் இழுப்பிலேயே தலையைத் திருப்பாவிட்டால் தூண்டில் நரம்பு போனதுதான். தடித்த நரம்பு போடு. பலகைக்கு அடியில் இருக்கும் துடுப்புவால் பாசியில் மாட்டுகிறது என்றாயே, பின்பக்கம் சாய்ந்த குட்டையான வால் மாட்டு. உன்னைப் பலகையோடு பிணைக்கும் கயிறைக் கணுக்காலில் கட்டாதே. பாசியில் சிக்கினால் குனிந்து அவிழ்க்க முடியாது. இடுப்பில், ஒரே இழுப்பில் கழன்றுவிடும்படி கட்டு. உங்கள் ஊர்க் கடலோரக் காவல்படை 2008இலேயே இந்தப் பலகையையும் படகுக் கணக்கில் சேர்த்துவிட்டது. உயிர்காப்பு அங்கியும் விசிலும் இல்லாமல் இறங்காதே. குளிர்காலத்தில் 14 டிகிரித் தண்ணீர் என்றால் நீச்சல் தெரிந்தவள் கையும் விறைத்துவிடும்.

இனி காற்று. உன் பலகையும் நம் மரம் போல மூழ்காது. மூழ்காத பொருளைக் காற்று எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோகும். நாங்கள் விடியலுக்கு முன் கரைக்காற்றில் பாய் விரித்துப் போவோம், மதியத்துக்குப் பின் கடற்காற்று திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். உங்கள் ஊரிலோ, சில நாட்களில் மாலை நேரத்தில் சான்டா இனெஸ் மலையிலிருந்து சன்டவுனர் என்று ஒரு காற்று கடலை நோக்கி இறங்குகிறதாமே. வீடு திரும்பும் நேரத்தில் வெளியே தள்ளுகிற காற்று! அப்போது நிற்காதே. தாத்தா தேடிய பாய் நிற்கிற உன் உடம்புதான். மண்டியிடு, அதுவும் முடியாவிட்டால் குப்புறப் படுத்துக் கைகளால் தள்ளு. பலகையை விட்டு நீந்த மட்டும் இறங்காதே. போகும்போது காற்றை எதிர்த்துப் போ, களைத்துத் திரும்பும்போது அது உதவும்.

2017இல் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த நம் துறைக்காரர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. அந்த வருடக் கிறிஸ்துமஸ் உனக்கு நினைவிருக்கும். உன் கையில் போன் இருக்கிறது. காற்று அறிக்கையைப் பார்க்காமல் பலகையைத் தூக்காதே.

14 அங்குலத்துக்குக் குறைந்த பாஸைத் திரும்ப விட வேண்டும் என்ற சட்டத்தைக் கேட்டு அம்மா சிரித்தாள். எனக்கு அது பிடித்திருக்கிறது. அந்த மீன் வளர வருடக்கணக்கில் ஆகுமாம்.

பிடித்ததை எலுமிச்சை பிழிந்து வாட்டித் தின்கிறாய் என்று கேள்விப்பட்டு அம்மா குடம்புளி பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கிறாள். தேங்காய் அரைத்துவிட்டுக் குழம்பு வை. புளியை ஊறவைத்த தண்ணீரையும் சேர்த்து ஊற்ற வேண்டும் என்று எழுதச் சொன்னாள்.

அப்பா