புவாக்கேயிலிருந்து, கொட்டை சீசன் நடுவில்

புவாக்கே, ஐவரி கோஸ்ட்
ஏப்ரல் 2025

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்கிறார் என்று படித்ததும் மனசு லேசானது. நான் விசாரித்ததாகச் சொல். பாப்பா ப்ளஸ் டூ எழுதி முடித்திருப்பாள். ரிசல்ட் வந்ததும் தகவல் சொல்ல மறக்காதே. இங்கே பிப்ரவரியில் தொடங்கிய முந்திரிக் கொட்டை வரத்து ஜூன் வரை ஓடும். பகலெல்லாம் கிராமம், ராத்திரி குடோன். அதனால்தான் பதில் எழுத இவ்வளவு தாமதம்.

"பண்ருட்டியிலேயே ஒரு கமிஷன் மண்டி வைத்திருந்தாலும் பிழைத்திருப்பாய். யாரோ ஊரில், யாரோ பாஷையில் இத்தனை வருஷமாக என்னடா பண்ணுகிறாய், காசுக்கு மட்டும்தானா?" என்று கேட்டிருந்தாய். காசுக்காகத்தான் வந்தேன், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. காசு மட்டும் என்றால் எப்போதோ மூட்டை கட்டியிருப்பேன். மீதி என்ன என்பதை எழுதிப் பார்க்கிறேன்.

தானே புயல் உனக்கு நினைவிருக்கும். 2011 டிசம்பர் 30 விடியற்காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறி, நம் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. தாத்தா வைத்த மரங்கள். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து வி.ஆர்.ஐ.-3 ரக முந்திரி ஒட்டுக்கன்றை மறுநாளே நட்டாலும் கண்ணில் காய் பார்க்க மூணு நாலு வருஷம், முழு மகசூலுக்கு அதற்கும் மேலே. கொட்டை உடைத்தும் பருப்புத் தோல் உரித்தும் அன்றாடக் கூலி வாங்குகிற பெண்கள் அதுவரை என்ன செய்வார்கள்? நான் வேலை பார்த்த கம்பெனியில் பட்டறையை மூடாமல் வைத்தது தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வந்த ஆப்பிரிக்கக் கொட்டைதான். அதை விளைகிற இடத்திலேயே பார்த்து வாங்க ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். நான் கிளம்பினேன்.

வந்து இறங்கியபோது இந்த நாட்டில் சண்டை ஓய்ந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. 2002 செப்டம்பரில் தொடங்கிய கலகத்தில் நாடு வடக்கு தெற்காகப் பிளந்து, இந்த புவாக்கேதான் வடக்குப் பக்கத்துக் கலகக்காரர்களுக்குத் தலைநகரம் மாதிரி இருந்தது. அந்த வருஷங்களிலும் முந்திரி விளைந்தது, யாரோ வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். வந்தவர் அடுத்த வருஷம் வருவாரா என்பதுதான் யாருக்கும் தெரியாது. அந்தச் சந்தேகம் இன்னும் இவர்கள் கண்ணில் இருக்கிறது. மரமெல்லாம் போன மனுஷனும் அப்படித்தானே பார்ப்பான்? தானேவுக்குப் பிறகு நம் ஊர்க்காரர்கள் முகத்தில் நான் பார்த்த அதே பார்வை.

புவாக்கேயைச் சுற்றிப் பெரும்பாலும் பவுலே மக்கள். கிராமத்துக்குள் போனால் நேரே தோப்புக்கோ குடோனுக்கோ போக முடியாது. முதலில் ஊர்ப் பெரியவர் வீடு. உட்கார நாற்காலி, குடிக்கத் தண்ணீர். தண்ணீர் குடித்த பிறகுதான் "என்ன சேதி?" என்று கேட்பார்கள். அதற்கு எடுத்த எடுப்பில் "கொட்டை வாங்க வந்தேன்" என்றால் முகம் சுளிப்பார்கள். வழியில் மழை பெய்ததா, வீட்டில் எல்லோரும் நலமா, யார் உடம்புக்கு முடியவில்லை என்று ஒரு சுற்று போய்விட்டுத்தான் காரியத்துக்கு வரவேண்டும். வடக்கே கொரோகோ பக்கம் போனால் கோலா கொட்டையும் கொண்டுபோக வேண்டும். நம் ஊரில் வெற்றிலை பாக்கு வைக்கிற மாதிரி. கிளம்பும்போதும் எழுந்து போய்விட முடியாது. "வழி கொடுங்கள்" என்று கேட்க வேண்டும். அவர்கள் பாதி வழிதான் கொடுப்பார்கள். மீதிப் பாதி அவர்களிடமே இருக்கும், நீ திரும்பி வந்தாக வேண்டும் என்பதற்காக.

நேரம் வீண் என்று புதிதாக வருகிற வாங்குவோர் சிலர் எரிச்சல்படுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. அந்த அரை மணி நேரத்தில் ஊரில் யார் கடனில் இருக்கிறார், யார் வீட்டில் சாவு, எந்தத் தோப்பில் பூ கருகிவிட்டது எல்லாம் காதில் விழுந்துவிடும். சாவு என்றால் இங்கேயும் பெரிய காரியம், நாள்கணக்கில் நடக்கும், ஊரே கூடும், நம் மொய் போலவே பணம் எழுதி வைப்பார்கள். சீசன் உச்சத்தில் லாரி காத்துக்கிடந்தாலும் நான் போய்விடுவேன். என் அப்பா செத்தபோது மண்டிக்காரர்கள் கடையைச் சாத்திவிட்டு வந்து நின்றதை மறக்க முடியுமா?

இனி, 2018. முந்தின வருஷம் கொட்டை விலை உச்சியில் இருந்தது. அதை நம்பி இங்கே அரசாங்கத்தின் பருத்தி-முந்திரி வாரியம் விவசாயிக்குத் தரவேண்டிய தோட்டத்து விலையைக் கிலோவுக்கு 500 சேஃபா பிராங்க் (இந்த நாட்டுக் காசு) என்று அறிவித்தது. சீசன் ஓடிக்கொண்டிருக்கும்போதே உலகச் சந்தையில் விலை சரிந்தது. வெளிநாட்டில் வாங்குவதாகக் கையெழுத்துப் போட்டவர்கள் பின்வாங்க, இங்கே முன்பணம் வாங்கியிருந்த தரகர்கள் போனை அணைத்துவிட்டார்கள். கூட்டுறவுச் சங்கக் குடோன்களில் மூட்டை அப்படியே கிடந்தது. எங்கள் முதலாளியிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: பேசின விலையைக் கொடுத்துவிடுவோம். அவர் ராத்திரி முழுக்க யோசித்து, சரி என்றார். நஷ்டம் சின்னதில்லை. ஆனால் அடுத்த சீசனில் முதல் காய்ப்புக் கொட்டையை, முன்பணம் ஒரு காசு வாங்காமல், அந்த ஊர்க்காரர்கள் எங்களுக்காக ஒதுக்கி வைத்திருந்தார்கள். வங்கியில் போட்டிருந்தால்கூட அப்படி ஒரு வட்டி வந்திருக்காது.

விலை எப்படி ஆடும் என்பதற்கு இதையும் பார்: 2024இல் அறிவித்த விலை 275 சேஃபா. 2025இல் 425. நம் காசுக்குக் கிலோ சுமார் அறுபது ரூபாய். ஒரே மரம், ஒரே உழைப்பு. விளைவிக்கிறவர் கையில் இல்லாத காரணங்களால் வருமானம் ஏறி இறங்குகிறது. சரி, அவர் கையில் என்னதான் இருக்கிறது என்று யோசித்தபோதுதான் என் வேலை எது என்று எனக்குத் தெரிந்தது.

கொட்டை வியாபாரத்தில் அவுட்டர்ன் என்று ஓர் எண் உண்டு, நீ கேள்விப்பட்டிருப்பாய்; ஒரு மூட்டைக் கொட்டையில் எவ்வளவு நல்ல பருப்பு தேறும் என்ற கணக்கு. லோடில் அங்கங்கே எடுத்துக் கலந்ததில் ஒரு கிலோ. முதலில் எண்ணுவோம், கிலோவுக்கு 200 சுற்றி நின்றால் திரட்சியான கொட்டை. பிறகு ஒவ்வொன்றாக அறுத்து, நல்ல பருப்பு, புள்ளி விழுந்தது, பூஞ்சணம் பிடித்தது, முற்றாதது என்று பிரிப்போம். நல்லதை முழு எடைக்கும், புள்ளி விழுந்ததைப் பாதி எடைக்கும் கணக்கில் எடுத்துக் கூட்டினால் 265 கிராம் வருகிறது என்று வை. 80 கிலோ மூட்டைக்கு 21.2 கிலோ, பவுண்டில் சொன்னால் 46க்கும் 47க்கும் நடுவில். இங்கத்துத் துறைமுகமான அபிஜானிலும் தூத்துக்குடியிலும் வியட்நாமிலும் பேரம் முழுக்க இந்த ஓர் எண்ணின் மேல்தான் நடக்கிறது. மரத்தை வளர்த்தவருக்கு மட்டும் அது தெரியாது. பிஸ்தர் என்று இங்கே சொல்கிற தரகர் மோட்டார் சைக்கிளில் வருவார், கையில் அள்ளிக் குலுக்கிப் பார்ப்பார், "ஈரம்" என்று சொல்லி விலையைக் குறைப்பார். எதிர்த்துப் பேச விவசாயியிடம் ஒன்றும் இருக்காது.

அறுத்துப் பார்ப்பதை இனி ஊர் நடுவில், மரத்தடியில், எல்லோர் முன்னாலும் செய்வது என்று முடிவெடுத்தேன். கத்தரியும் சின்ன டிஜிட்டல் தராசும் வாங்கிச் சங்கத்துக்கே கொடுத்துவிட்டோம். அவர்களே அறுக்கிறார்கள், அவர்களே எழுதுகிறார்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மரத்திலிருந்து பறிக்காமல் தானாக விழுந்த பழத்தில் கொட்டையைத் திருகி எடுப்பது, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைப்பது, பிளாஸ்டிக் சாக்கில் கட்டாமல் சணல் சாக்கில் கட்டுவது: இந்த மூன்றையும் ஒழுங்காகச் செய்தால் எண் தானாக ஏறுவதை அவர்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். பிளாஸ்டிக் சாக்கில் வியர்த்த கொட்டை கப்பலில் ஒரு மாசத்துக்கு மேல் கன்டெய்னருக்குள் கிடந்தால் என்ன ஆகும் என்று பண்ருட்டிப் பட்டறையில் எடுத்த படங்களைக் காட்டினேன். ஒரு பெரியவர் அந்தப் படத்தில் பருப்பை விட்டுவிட்டு, பின்னால் உட்கார்ந்திருந்த பெண்களைக் காட்டி, "இவர்களுக்கு அன்று கூலி உண்டா?" என்று கேட்டார். பாதிக் கூலிதான் என்றேன். மறு வாரம் அவர் தோப்பிலிருந்து வந்த அத்தனையும் சணல் சாக்கு.

மாப்ளே, உன் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் அதுதான். விளைவிக்கிற கைக்கும் உடைக்கிற கைக்கும் நடுவில் ஒரு கடல் கிடக்கிறது, இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. நடுவில் நிற்கிறவன் அதை வைத்து இரண்டு பக்கமும் மறைத்துச் சம்பாதிக்கலாம். இல்லையென்றால் இரண்டு பக்கத்துக்கும் உண்மையைச் சொல்லிச் சம்பாதிக்கலாம். இரண்டாவதில் லாபம் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும், ஆனால் ராத்திரி தூக்கம் வருகிறது.

ஒரு விஷயம் மட்டும் என்னை அரிக்கிறது, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல. கொட்டை விளைச்சலில் உலகத்திலேயே முதலிடம் இந்த நாட்டுக்கு. ஆனால் பெரும்பகுதி உடைக்காமல் மூட்டையாகவே வியட்நாமுக்கும் இந்தியாவுக்கும் கப்பலேறுகிறது. இங்கேயே உடைத்துப் பருப்பாக அனுப்ப வேண்டும் என்று அரசாங்கம் பட்டறை போடுகிறவர்களுக்குச் சலுகை தருகிறது. அது முழுக்க நியாயம். இவர்கள் பிள்ளைகளுக்கும் வேலை வேண்டாமா? அதே நேரம் இங்கே உடைபடுகிற ஒவ்வொரு மூட்டையும் பண்ருட்டிக்கு வராத மூட்டை. போன வருஷம் இங்கே ஒரு பட்டறையில் பெண்களுக்குப் பழக்கிக்கொடுக்க நம் பக்கத்து அக்கா ஒருவரைக் கூட்டி வந்தேன். வாழ்நாள் முழுக்கத் தோல் உரித்தவர். ஒரு வார்த்தை பிரெஞ்சு தெரியாது. முதல் நாளே தரையில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த பெண்ணின் விரலைப் பிடித்து, பருப்பு உடையாமல் தோல் கழற்றுகிற இடத்தைக் காட்டினார். கொட்டை எண்ணெய் பட்டு வெந்த கையைப் பார்த்துத் தன் கையை நீட்டிக் காட்டினார், அதே தழும்பு. சாயங்காலமே எல்லோரும் அவரை "தாந்தி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள், இங்கே அத்தை சித்தி எல்லோருக்கும் அந்தப் பெயர்தான். அட்டியேகே என்று மரவள்ளியில் செய்கிற உணவு உண்டு, அதில் நம் மீன் குழம்பை ஊற்றி அவர்களுக்கு ஊட்டியும் விட்டார்.

திரும்பும் வழியில் ஏர்போர்ட்டில் அவரிடம் கேட்டேன், "அக்கா, இவங்க கத்துக்கிட்டா நம்ம ஊர்ல வேலை குறையுமே, கஷ்டமா இல்லையா?" அவர் சொன்னார்: "அவளுக்கும் ரெண்டு புள்ள இருக்கு தம்பி. நீ நம்ம ஊருக்கு வேற வழி பாரு." அதைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன். முந்திரிப் பருப்பை அதிகம் தின்கிற நாடு நம் நாடு. தானேவுக்குப் பிறகு நட்ட மரங்கள் நன்றாகக் காய்க்கின்றன. நம் தோப்புக் கொட்டையை நம் ஊரிலேயே உடைத்து, பண்ருட்டி என்று பெயர் போட்டு, நேரே கடைகளுக்குக் கொடுக்க ஒரு கூட்டம் சேர்க்க வேண்டும். தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது உட்கார்ந்து பேசுவோம். கணக்கில் நீ கெட்டி.

உன் கரூர் ஜவுளி ஏற்றுமதி விஷயத்துக்கு வருகிறேன். ஜெர்மனிக்காரர்கள் கடுகடுவென்று மெயில் போடுகிறார்கள் என்று வருத்தப்பட்டிருந்தாய். அதை மனசில் வைக்காதே. படுக்கை விரிப்பு 20ஆம் தேதி போகாது என்றால் இன்றைக்கே "போகாது, 27ஆம் தேதி போகும்" என்று எழுதிவிடு. மரியாதைக்காக "பார்க்கிறோம் சார்" என்று எழுதினால் முடியும் என்று எடுத்துக்கொள்வார்கள், பிறகு உன்னைப் பொய்யன் என்பார்கள். இங்கே நான் தண்ணீர் குடித்து நலம் விசாரிப்பது எந்த மரியாதையோ, அங்கே தேதியைச் சரியாகச் சொல்வது அதே மரியாதை. சாயம் மங்கும் பிரச்சினையையும் அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடு.

தம்பி இங்கே வந்து தொழில் பழகட்டும் என்று கேட்டிருந்தாய். தாராளமாக அனுப்பு. சீசன் தொடங்குகிற பிப்ரவரியில் வந்தால்தான் முழுசாகப் பார்க்க முடியும். அதற்குள் பிரெஞ்சு கொஞ்சம் படிக்கச் சொல், எண்களும் வணக்கமும் வந்தால் போதும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம், பயணத்துக்குப் பத்து நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், முன்கூட்டியே தேதி கேட்டுக்கொள்ளட்டும். அந்த அட்டையைப் பத்திரமாக வைக்கச் சொல், திரும்பி வரும்போது நம் ஏர்போர்ட்டிலும் கேட்பார்கள். தங்குவது என்னோடு. சமையலுக்கு வரமிளகாயும் புளியும் மட்டும் கொண்டுவரச் சொல்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
பழைய பெஞ்சுக் கூட்டாளி