பயிற்சி என்பது ஞானத்துக்குக் கொடுக்கும் விலை அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் வெளியான பௌத்தக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எல்லா உயிர்களிடமும் புத்த இயல்பு, அதாவது விழிப்புற்ற தன்மை, முன்பே நிறைந்திருப்பதால் தியானமும் சீலமும் நோன்பும் பிற்காலத்து மடங்கள் ஏற்றிவைத்த சுமைகளே என்றும், அதை உணர்ந்துவிட்டவனுக்குப் பயிற்சி எதுவும் தேவையில்லை என்றும், ஜென் பௌத்தத்தின் சாரமே இதுதான் என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். கருத்து வேறுபாடு மட்டுமாக இருந்திருந்தால் நான் எழுதத் துணிந்திருக்க மாட்டேன். எங்கள் ஊரில் சனிக்கிழமை மாலைகளில் எட்டுப் பேர் ஒன்றுகூடி அமைதியாக அமர்ந்து தியானம் செய்வது வழக்கம். நான்கு ஆண்டுகளாகத் தவறாமல் வந்துகொண்டிருக்கும் நண்பர் ஒருவர் இம்முறை அந்தத் தாளைக் கையில் எடுத்து வந்து, "அப்படியானால் இத்தனை நாளும் நாம் எதற்காக உட்கார்ந்திருந்தோம்?" என்று கேட்டார். அவர் குரலில் இருந்த தளர்ச்சி என்னை வருத்தியது. அந்த நேரத்தில் எனக்குத் தெளிவான மறுமொழி வாய்க்கவில்லை. அன்று சொல்லத் தவறியதை இங்கே எழுதுகிறேன்.

நண்பர் கேட்ட கேள்வி புதியதன்று. ஜப்பானில் 1200ஆம் ஆண்டு பிறந்து, சிறு வயதிலேயே தாயை இழந்து, கியோட்டோவுக்கு அருகிலுள்ள ஹியே மலையில் இளமையிலேயே துறவு பூண்டு, பின்னாளில் ஜென் ஆசானாகப் போற்றப்பட்ட டோகென் என்பவரை வாட்டிய கேள்வியும் இதுவே என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. அந்த மலையின் தெந்தாய் என்னும் பௌத்த மரபு, உயிர்கள் அனைத்தும் தொடக்கத்திலிருந்தே விழிப்புற்றவை என்னும் கொள்கையை வலியுறுத்தி வந்தது. அவ்வாறாயின் புத்தர்கள் எல்லாரும் ஏன் வீட்டைத் துறந்து, ஊக்கம் குன்றாமல் பயின்றார்கள்? இளந்துறவியின் இந்த ஐயத்துக்கு மலையில் இருந்த பெரியோர் எவரும் மனநிறைவான விடை தரவில்லை. விடை தேடி அவர் 1223ஆம் ஆண்டு கடல் கடந்து சீனம் சென்றார். தங்கள் கட்டுரையாளர் எந்த இடத்தில் முடிக்கிறாரோ, அந்த இடத்தில்தான் டோகெனின் தேடல் தொடங்குகிறது.

சீனத் துறைமுகத்தில் கப்பல் நின்றிருந்தபோது நடந்த ஒரு சந்திப்பை, பின்னாளில் மடத்துச் சமையற்காரருக்கென எழுதிய அறிவுரை நூலில் அவரே விவரித்திருக்கிறார். நம் அசோகச் சக்கரவர்த்தியின் பெயர் தாங்கிய மலை ஒன்று அந்நாட்டில் உண்டு. அங்குள்ள மடத்தின் தலைமைச் சமையற்காரர், அறுபது வயதைக் கடந்த துறவி, மறுநாள் சமையலுக்குக் காளான் வாங்கக் கப்பலுக்கு நெடுந்தொலைவு நடந்து வந்திருந்தார். இரவு தங்கிப் பேசலாம் என்று டோகென் வற்புறுத்தினார், அவர் இசையவில்லை. இந்த வயதில் அமர்ந்து தியானம் செய்வதையும் முன்னோர் உரைகளை ஆராய்வதையும் விட்டுவிட்டு அடுப்படி வேலையில் ஏன் உழல்கிறீர்கள் என்று டோகென் கேட்டபோது, முதியவர் வாய்விட்டுச் சிரித்து, அயல்நாட்டிலிருந்து வந்த நல்லவரே, பயிற்சி என்றால் என்னவென்று நீங்கள் இன்னும் அறியவில்லை என்னும் பொருள்படச் சொல்லிவிட்டு இருட்டுவதற்குள் புறப்பட்டுவிட்டார். பிறகு தியாந்தோங் மடத்தில், சுடும் வெயிலில் தலைக்கு மறைப்பில்லாமல், கைத்தடியை ஊன்றியபடி, சமையலுக்கான பொருள்களை உலர்த்திக்கொண்டிருந்த 68 வயதுச் சமையற்காரர் ஒருவரை அவர் கண்டார். வேலையாள்களிடம் விடலாமே என்றதற்கு, மற்றவர் நான் அல்லர் என்று மறுமொழி வந்தது. இந்த வெயிலில் இப்படி வருந்த வேண்டுமா என்றதற்கு, வேறு எந்த வேளைக்காகக் காத்திருப்பது என்று அவர் திருப்பிக் கேட்டார். டோகெனுக்குப் பேச்சு எழவில்லை.

இந்த இரு முதியவர்களையும் நான் பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஞானம் என்னும் பொருளை அடைவதற்காகச் சமையல் என்னும் விலையைக் கொடுத்துக்கொண்டிருக்கவில்லை. அடைந்துவிட்டோம், இனி வேலையில்லை என்று ஓய்ந்திருக்கவும் இல்லை. அந்த வெயிலில், அந்தச் செயலுக்குள்ளேயே அவர்களுடைய விழிப்பு குடியிருந்தது.

தியாந்தோங் மடத்தின் தலைவர் ரூஜிங்கின் வழிகாட்டலில் டோகென், தான் என்னும் பற்று நீங்கி உடலும் மனமும் உதிர்ந்த நிலையை உணர்ந்தார் என்பது மரபு. அதன்பின் அவர் என்ன செய்தார் என்பதுதான் நம் வினாவுக்கு முக்கியம். 1227ஆம் ஆண்டு நாடு திரும்பியதும், அமர்ந்து செய்யும் தியானத்தை அனைவருக்கும் பரிந்துரைக்கும் சிறு நூலை எழுதினார். மெய்வழி இயல்பிலேயே முழுமையானது, அது பயிற்சியையும் ஞானத்தையும் எப்படிச் சார்ந்திருக்கும் என்ற வினாவோடுதான் அந்நூல் தொடங்குகிறது. கட்டுரையாளரின் வாதம் அப்படியே அங்கே இருக்கிறது. ஆனால் டோகென் அங்கே நிற்கவில்லை. மயிரிழை அளவு பிளவு நேர்ந்தாலும் அது வானுக்கும் மண்ணுக்கும் உள்ள தொலைவாகிவிடும் என்கிறார். சாக்கியமுனி புத்தர் ஆறாண்டுகள் அமர்ந்திருந்ததையும், தென்னிந்தியாவிலிருந்து வந்தவர் என்று சீன மரபு போற்றும் போதிதருமர் ஒன்பதாண்டுகள் சுவரை நோக்கி அமர்ந்திருந்ததையும் நினைவூட்டி, அவர்களே அவ்வாறு பயின்றிருக்க நாம் எப்படிப் பயிலாமல் இருக்க முடியும் என்று கேட்கிறார். கட்டுரையாளர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஜென் சொல்வது இதுதான் என்று முடித்துவிட்டார்.

1231ஆம் ஆண்டில் எழுதிய மற்றொரு நூலில் டோகென் தம் விடையை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார். பயிற்சியும் ஞானமும் இரண்டு என்று எண்ணுவது புத்தநெறிக்குப் புறம்பான பார்வை. ஞானத்தின் மேல் நின்றே பயில்வதால், இன்று முதன்முதலாக அமரும் ஒருவரின் பயிற்சியும் மூல ஞானத்தின் முழுமையே. ஆதலால் பயிற்சிக்கு வெளியே ஞானத்தை எதிர்பார்க்க வேண்டாம் என்பது அவர் கருத்து. நம் இசைக் குடும்பங்களில் விடியலில் எழுந்து செய்யும் சாதகத்தை எண்ணிப் பார்த்தால் இது ஓரளவு விளங்கும். சரளி வரிசை பாடும் குழந்தையின் வாயில் சுருதி சேர்ந்து ஒலிக்கும் ஸட்ஜமம், பிற்காலத்தில் வரப்போகும் இசைக்குக் கட்டும் முன்பணம் அன்று. அந்தக் கணத்தில் அதுவே இசை. அரங்கேற்றம் முடிந்தது, இனிச் சாதகம் எதற்கு என்று கேட்கும் பாடகரையும் நாம் கண்டதில்லை.

1233ஆம் ஆண்டில் எழுதிய பகுதி ஒன்றின் முடிவில் அவர் எடுத்தாளும் பழைய சீனக் கதை இன்னும் எளிமையானது. மாயூ மலையின் துறவி பாவோசே விசிறியால் வீசிக்கொண்டிருந்தார். காற்றின் இயல்பு என்றும் உள்ளது, அது சென்றடையாத இடமே இல்லை, பின்னர் ஏன் வீசுகிறீர்கள் என்று ஒருவர் வினவினார். காற்று என்றும் உள்ளது என்பதை மட்டும் அறிந்திருக்கிறாய், அது எங்கும் சென்றடைகிறது என்பதன் பொருளை அறியவில்லை என்றார் துறவி. அந்தப் பொருள்தான் என்ன என்று மீண்டும் கேட்டபோது அவர் பேசாமல் வீசிக்கொண்டே இருந்தார். சித்திரை மாதத்து மின்வெட்டு இரவில் பனையோலை விசிறியோடு உட்கார்ந்திருந்த எவருக்கும் இக்கதைக்கு உரை தேவைப்படாது.

இனி, பௌத்தம் முழுவதும் டோகெனின் மொழியிலேயே பேசுகிறது என்று நான் சொன்னால் அதுவும் தவறாகும். பாலி மொழியிலுள்ள பழைய பௌத்த நூல்களில், பற்றுகளை அறுத்து விடுதலை பெற்றவரான அருகதர், செய்ய வேண்டியதைச் செய்து முடித்தவர் என்றே குறிக்கப்படுகிறார். அங்கே பாதை வேறு, அது கொண்டு சேர்க்கும் இடம் வேறு. ஆயினும், பாதை நிர்வாணத்தை உண்டாக்குவதில்லை என்பதில் அந்த மரபும் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்கிறது. ஒருவன் தன் இயல்பான ஆற்றலால் இமயமலைக்கு நடந்து செல்லலாம், இமயமலையை இங்கே கொண்டுவர முடியாது. அதுபோல நிர்வாணத்தை நேரில் காணும் வழியைச் சொல்லலாம், அதைத் தோற்றுவிக்கும் காரணத்தைச் சொல்ல முடியாது என்று கிரேக்க மன்னன் மிலிந்தனுக்குப் பௌத்தத் துறவி நாகசேனர் விளக்குகிறார். அடி எடுத்து வைப்பதால் மலை உண்டாவதில்லை. மலை முன்பே இருப்பதால் நடக்காமல் போய்ச் சேரவும் முடியாது.

கட்டுரையாளர் தம் முடிவுக்குச் சான்றாகப் புத்தரின் தெப்ப உவமையை எடுத்துக்காட்டியிருந்தார். அக்கரை சேர்ந்தவன் தெப்பத்தைத் தலையில் சுமந்து திரிவதில்லை என்பது உண்மையே. ஆனால் அந்த உவமை எந்தச் சூழலில் சொல்லப்பட்டது என்பதை அவர் விட்டுவிட்டார். புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நூல்களுள் ஒன்றான மஜ்ஜிம நிகாயத்தில் அது இடம்பெறும் சூத்திரம் அரிட்டன் என்னும் துறவியின் செய்தியோடு தொடங்குகிறது. புத்தர் தடைகள் என்று சொன்னவை ஈடுபடுவோருக்கு உண்மையில் தடைகள் அல்ல என்று அவன் வாதிட்டான். ஒழுக்கத்தைத் தளர்த்த முயன்ற அவனைக் கடிந்துகொண்ட பேருரையின் நடுவில்தான், போதனையைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்தால் பாம்பின் வாலைப் பிடித்தவன் கடிபடுவது போலாகும் என்ற உவமையும், அதற்கு அடுத்ததாகத் தெப்ப உவமையும் வருகின்றன. நடு ஆற்றில் இருப்பவனிடம் தெப்பத்தைக் கைவிடு என்று புத்தர் எங்கும் சொல்லவில்லை.

அக்கரை சேர்ந்த புத்தரே தம் வாழ்வில் என்ன செய்தார் என்பதையும் அதே நிகாயத்தில் காணலாம். ஜானுஸ்ஸோணி என்ற அந்தணரிடம் அவர் பேசுகிறார்: ஆசையும் வெறுப்பும் மயக்கமும் இன்னும் நீங்காததால்தான் கோதமர் இப்போதும் தனிமையான காட்டிடங்களை நாடுகிறார் போலும் என்று நீர் எண்ணக்கூடும், அவ்வாறு எண்ண வேண்டாம், இப்போதே இனிது தங்கியிருத்தல், பின்வரும் மக்களிடம் இரக்கம் ஆகிய இரு பயன்களைக் கண்டே நான் அங்கே செல்கிறேன். இச்சானங்கலக் காட்டில் மூன்று மாதம் தனித்திருந்தபோது மூச்சில் மனம் வைக்கும் பயிற்சியிலேயே பெரும்பாலும் அவர் தங்கியிருந்தார் என்று மற்றொரு தொகுப்பான சம்யுத்த நிகாயம் குறிப்பிடுகிறது. பெற வேண்டியது எதுவும் மிச்சமில்லாத ஒருவர், ஏதும் அறியாத தொடக்க மாணவனைப் போல மூச்சோடு அமர்ந்திருக்கிறார். இந்தக் காட்சியை எண்ணும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது.

தமிழ் வாசகர்களுக்கு இது அயலான செய்தியும் அன்று. நம் பௌத்தக் காப்பியமான மணிமேகலையில், நாயகிக்குப் பழம்பிறப்பு உணர்வு மணிபல்லவத் தீவிலேயே கிடைத்துவிடுகிறது. அதன் பின்னரே அமுதசுரபி ஏந்திப் பசித்தோர்க்குச் சோறிடுகிறாள், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குகிறாள், காஞ்சியில் அறவண அடிகளிடம் அறம் கேட்கிறாள். முப்பதாவதான இறுதிக் காதைக்குப் பெயர் 'பவத்திறம் அறுகெனப் பாவை நோற்ற காதை'. அவள் வீடுபேறு எய்தினாள் என்று சாத்தனார் முடிக்கவில்லை. நோற்றனள் என்று, பயிற்சியின் நடுவிலேயே அவளை நமக்குக் காட்டி நிறுத்துகிறார்.

பயிற்சி தேவையில்லை என்னும் செய்தி கேட்பதற்கு விடுதலை போல ஒலிக்கிறது. ஆனால் எங்கள் நண்பரைப் போல, அலுவலகத்தின் நெருக்கடியிலும் வீட்டுக் கவலைகளிலும் இருந்து நாளுக்கு அரை மணி நேரத்தைப் பிடித்துவைத்திருக்கும் ஒருவரிடமிருந்து அந்த அரை மணியையும் அது பறித்துவிடுகிறது. ஞானம் வரவில்லையே என்று ஏங்குபவருக்கும் ஞானம் முன்பே உள்ளதே என்று எழுந்து போய்விடுபவருக்கும் பிழை ஒன்றே. இருவரும் அமர்ந்திருக்கும் அந்தப் பொழுதை வேறொன்றுக்கான வழியாக மட்டுமே காண்கிறார்கள்.

கட்டுரைத் தொடர் இன்னும் சில வாரங்கள் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். தொடரும் பகுதிகளில் அந்தச் சமையற்காரத் துறவிகளுக்கும், ஜானுஸ்ஸோணிக்குப் புத்தர் அளித்த மறுமொழிக்கும் இடம் தருமாறு கட்டுரையாளரைத் தாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். வரும் சனிக்கிழமை அந்த நண்பருக்கு விசிறிக் கதையைச் சொல்ல எண்ணியிருக்கிறேன். அதற்கு முன் வழக்கம்போல் நாற்பது நிமிடங்கள் அமர்ந்திருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்