பொங்கலுக்கு முன் பூசப்படும் ஈரச் சுவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வடகீழ்ப் பருவமழை ஓய்ந்ததும், தைப்பொங்கலுக்குள் வீட்டைப் புதுப்பித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், சுவரில் தெரிவது நீர்க்கறையா, உப்பா, பூஞ்சணமா என்று பாராமலே எல்லாவற்றின் மேலும் பெயின்ற் பூசிவிடும் வழக்கம் யாழ்ப்பாணத்தில் உள்ளது. மூன்றுக்கும் மூலம் ஈரம்தான். ஆனால் செய்ய வேண்டிய வேலை ஒன்றல்ல.

ஓட்டிடுக்கிலோ கொங்கிறீற் கூரையின் வெடிப்பிலோ ஒழுகிய நீர் விட்ட கறை, மஞ்சளும் கபிலமுமாக, விளிம்பு கடுத்த வளையமாகத் தெரியும். ஒழுக்கை அடைத்துவிட்டால் அது மேலும் பரவாது. சுவரின் அடிப்பகுதியில் வெள்ளையாகப் பொரிந்து நிற்பதைப் பலர் பூஞ்சணம் என்று அஞ்சுகிறார்கள். பெரும்பாலும் அது நிலத்து ஈரத்தோடு ஏறிய உப்பு. உவர் நீரில் சாந்து குழைத்துக் கட்டிய சுவர்களிலும் பூக்கும். விரலால் நசுக்கினால் மாவாகும், நீர்த்துளி பட்டால் கரையும்.

பூஞ்சணம் அப்படிக் கரையாது. கறுப்பாகவோ பச்சையாகவோ புள்ளி புள்ளியாகத் தோன்றி, சில வேளை வெண்மையாகவும் படர்ந்து, ஈரம் இருக்கும் வரை வளரும். அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைத்த வீடுகளில் கண்ணுக்குப் படுமுன்பே மக்கிய மணம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஐயம் இருந்தால், நீர் கலந்த பிளீச் ஒரு துளி வைத்துப் பார்க்கலாம்: ஓரிரு நிமிடத்தில் கறுப்பு வெளிறினால் பெரும்பாலும் பூஞ்சணம், வெறும் தூசும் கரியும் வெளிறுவதில்லை. வெளிறிவிட்டது என்பதால் அது ஒழிந்துவிட்டது என்று கொள்ளக்கூடாது. பிளீச்சோடு வேறு கழுவு திராவகம் எதையும் கலப்பது ஆபத்து. நச்சு வாயு கிளம்பும். அஸ்பெஸ்ரஸ் கூரையில் படிந்ததை உலர்ந்த நிலையில் சுரண்டுவதும் கூடாது, நார் காற்றில் பறக்கும்.

நனைந்த பலகையும் மெத்தையும் 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் உலராவிட்டால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும் என்பதால், நீர்க்கறைதானே என்று விட்ட இடமே பிறகு பூஞ்சணத்துக்கு இடமாகலாம். வீட்டு ஈரத்துக்கும் பூஞ்சணத்துக்கும் இழுப்பு முதலிய சுவாச நோய்களோடு உள்ள தொடர்பை உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டிலேயே தனது வழிகாட்டலில் எடுத்துரைத்துள்ளது. பூஞ்சணம் பிடிக்காது என்று சொல்லி விற்கப்படும் விலை கூடிய பெயின்ற்றும் ஈரச் சுவரில் கொப்புளித்து உரியும். பங்குனி, சித்திரை வெயிலில் சுவர் நன்கு காய்ந்த பிறகு பூசினால் என்ன குறை?

டெங்கு நுளம்புப் பரிசோதனைக்காக மழைக்காலத்தில் வீடு வீடாக வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், சுவரையும் ஒரு முறை பார்த்து, இந்த வேறுபாட்டை வீட்டாருக்குச் சொல்லிச்செல்ல உரியவர்கள் ஏற்பாடு செய்ய வேண்டும் எனத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கோண்டாவில்.